அருளப்பன் வீட்டு ஞானஸ்நான அழைப்பிதழ்

போன வாரம், கார்டு டிசைன் வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர் எனக்கு ஓர் அழைப்பிதழை அனுப்பி, “மாமி, எப்படி இருக்கு பாருங்க” என்று கேட்டிருந்தார். பெயரைச் சொல்ல மாட்டேன். இப்போது யார் தலையைக் குனிந்துகொள்கிறாரோ அவர்தான். இளஞ்சிவப்புப் பின்னணி, தங்க நிறத்தில் சிலுவை, ஓரமெல்லாம் வெள்ளைப் பூ. கண்ணுக்கு அழகாகத்தான் இருந்தது. நடுவில் பெரிய எழுத்தில் ‘நானஸ்நானம்’ என்று போட்டிருந்தது. ஓர் எழுத்து மாறியதில், குழந்தை ஃபாதரைத் தொந்தரவு செய்யாமல் தானே குளித்துக்கொள்ளப் போவதாக அர்த்தம் வந்துவிட்டது.

சிரிக்க வேண்டாம். மற்றவர்கள் அனுப்பியதையும் நான் பார்த்திருக்கிறேன்.

எழுத்துப் பிழையைப் பற்றிப் பேச இன்று நான் வரவில்லை. உங்களில் பாதிப் பேருக்குத் தமிழைவிட ஹிந்தி சரளமாக வருகிறது என்பது எனக்குத் தெரியும். தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டு அனுப்புங்கள், அந்தப் பிரச்சினை தீர்ந்தது. எழுத்தெல்லாம் சரியாக இருந்து, இலக்கணமும் சரியாக இருந்து, வீட்டில் எல்லோரும் ‘ஓகே’ என்று கட்டைவிரலைக் காட்டிய பிறகும் தப்பாக இருக்கிற அழைப்பிதழ் ஒன்று உண்டு. அதைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

என்னைத் தெரியாத புதியவர்களுக்காக: மும்பையில் மாட்டுங்காவில் பிறந்து, செம்பூரில் வாழ்க்கைப்பட்டு, தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டில் இருந்த ஓர் அச்சகத்தில் கார்டு டிசைன் செய்து ஓய்வு பெற்றவள் நான். பாலக்காட்டு ஐயர் வீட்டுப் பெண்ணுக்கு ஞானஸ்நானத்துக்கும் புதுநன்மைக்கும் வித்தியாசம் எப்படித் தெரியும் என்று சேர்ந்த புதிதில் எல்லோருக்கும் சந்தேகம். எனக்கும் சந்தேகம்தான். கடைக்கு வந்தவர்களே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார்கள். கடைசியில் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்களில் ஞானத்தாய் பெயர் முதலில் வர வேண்டுமா, ஞானத்தந்தை பெயர் முதலில் வர வேண்டுமா என்ற வழக்குகளுக்குத் தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டேன்.

அப்படி ஒரு நாள் கடைக்கு வந்தவர் திருநெல்வேலிப் பக்கத்து அருளப்பன். தாராவியில் பாத்திரக்கடை வைத்திருந்தார். மனைவி காலமாகிவிட்டார். ஒரே மகன் பிரான்சிஸ், வாஷியில் ஒரு கூரியர் அலுவலகத்தில் வேலை. பிரான்சிஸின் மனைவி மெர்சி பாண்டுப்பில் வளர்ந்த பெண். அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. ஆக்னஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஞானஸ்நானத்துக்குக் கார்டு அடிக்க வேண்டும்.

கார்டில் போட வேண்டிய மேட்டரை அருளப்பன் கையோடு எழுதிக்கொண்டு வந்திருந்தார். அதில் குழந்தையைப் பற்றி ஒரு வரி இருந்தது, பெற்றோரைப் பற்றி ஒரு வரி இருந்தது, மீதி முழுக்க அருளப்பனைப் பற்றி இருந்தது. முன்னாள் அன்பியத் தலைவர், பங்குப் பேரவை உறுப்பினர், திருவிழாக் குழுவின் நிரந்தரப் பொருளாளர், பாத்திர வணிகர் சங்கத்தின் துணைச் செயலாளர்.

“ஒரு எழுத்து விடக் கூடாது மாமி. அப்படியே போட்டுருங்க” என்றார்.

“போட்டுடலாம். ஞானஸ்நானம் உங்களுக்கா, குழந்தைக்கான்னு படிக்கிறவாளுக்குக் கொஞ்சம் குழப்பம் வரும். பரவாயில்லையா?” என்று கேட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தாராவிக்காரர்கள் கேலியைக் கேலியாக எடுத்துக்கொள்வார்கள். “பேத்தி வளந்து பெரியவளாகி இந்தக் கார்டப் பாக்கும்போது, தாத்தா யாருன்னு தெரிய வேண்டாமா?” என்றார். நியாயம்தான் என்று தோன்றியது.

மேட்டரில் குழந்தையின் பெயருக்கு மேலே ஒரு வரி: ‘எங்கள் குடும்பத்தின் முதல் பேரப்பிள்ளை’. அதைத் தனியாக, சிவப்பு எழுத்தில் போடச் சொன்னார். போட்டேன். மேலே ஒரு புறா வேண்டும் என்றார். அதையும் போட்டேன். ப்ரூஃப் பார்த்துவிட்டு, “புறா எதுக்கு அங்கிட்டுப் பாக்கு? நமக்கு முதுகக் காட்டிக்கிட்டுல்லா பறக்கு” என்றார். புறாவைத் திருப்பினேன். அது இப்போது நேராக அவருடைய பெயரைப் பார்த்துப் பறந்தது. அவருக்குத் திருப்தி.

அந்த ப்ரூஃபை அவர் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். எனக்குச் சௌகரியமாக இருக்கும் என்று என்னையும் அதில் சேர்த்துவிட்டார். இந்த மாதிரி யாராவது உங்களைக் குடும்பக் குழுவில் சேர்த்தால் பணிவாக வெளியேறிவிடுங்கள். நெருளில் இருக்கும் அருளப்பனின் தங்கை ரோஸ் கலர் கூட வேண்டும் என்றார். வேறொருவர் ரோஸ் குறைய வேண்டும் என்றார். பிரான்சிஸ் கட்டைவிரலைக் காட்டினான். இன்னும் பலர் கைகூப்பினார்கள், பூங்கொத்து அனுப்பினார்கள். குழந்தையின் தாய் மட்டும் எதுவும் சொல்லவில்லை. பச்சைக்குழந்தையை வைத்துக்கொண்டிருப்பவளுக்குப் போனைப் பார்க்க நேரமிருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் மெர்சி கடைக்கு வந்தாள். தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. நான் அவளை அதற்கு முன் பார்த்ததில்லை. நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. உட்கார்ந்தால் குழந்தை எழுந்துவிடும் என்று நின்றபடியே லேசாக ஆடிக்கொண்டிருந்தாள்.

“ஆன்ட்டி, கார்டுல ஒரு வேர்ட் மட்டும் எடுத்துடுவீங்களா?”

“எந்த வார்த்தைம்மா?”

“முதல்.”

நான் ஸ்க்ரீனில் அந்த வரியைப் பார்த்தேன். ‘எங்கள் குடும்பத்தின் முதல் பேரப்பிள்ளை’. பிழை ஒன்றும் தெரியவில்லை. ஏன் என்று கேட்டேன்.

அவள் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே சொன்னாள். ஆக்னஸுக்கு முன்னால் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பிரசவத்துக்குப் பாண்டுப்பில் தாய் வீட்டுக்குப் போயிருந்தபோது, காலம் வரும் முன்பே பிறந்துவிட்டது. காலையில் பிறந்தவன் பொழுது சாயும்போது இல்லை. பிழைக்காது என்று தெரிந்ததும், அங்கே இருந்த ஒரு நர்ஸ் தானே தண்ணீரை ஊற்றி அவசர ஞானஸ்நானம் கொடுத்தாளாம். ஃபாதர் வர நேரமில்லாவிட்டால் அப்படிச் செய்யலாம் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். நர்ஸ் பெயர் கேட்டபோது, கலங்கிப் போய் நின்ற பிரான்சிஸுக்கு வாயில் வந்தது அவன் அப்பாவின் பெயர்தான். அருளப்பன்.

“ஆபரேஷன் சிக்கலாகி மறுநாள் வரைக்கும் எனக்கு நினைவே இல்லை ஆன்ட்டி. முழிச்சப்போ எல்லாம் முடிஞ்சு போச்சு. நான் அவனைப் பார்க்கவே இல்லை” என்றாள். “வீட்டுல யாரும் அதைப் பத்திப் பேச மாட்டாங்க. சொந்தக்காரங்களுக்கெல்லாம் ‘தங்கலை’ன்னு சொன்னாங்க, அவ்ளோதான். மாமா அன்னிக்கு வந்தாரு, எல்லாம் அவருதான் பாத்துக்கிட்டாரு. அப்புறம் ஒரு வார்த்தை கிடையாது. இப்ப கார்டுல ‘முதல்’னு போட்டிருக்கு. அப்ப அவன் யாரு?”

நான் அந்தச் சிவப்பு வரியைத் திரும்பப் படித்தேன்.

“நான் சொன்னேன்னு மாமாகிட்ட சொல்லாதீங்க. நீங்களே ஏதாச்சும் மிஸ்டேக் மாதிரி எடுத்துடுங்க” என்று சொல்லிவிட்டு, குழந்தை சிணுங்க ஆரம்பித்ததும் புறப்பட்டுவிட்டாள்.

அவள் போன சற்று நேரத்தில் அருளப்பனின் போன். “மாமி, மிஷின்ல ஏத்தியாச்சா? சாயந்தரம் எங்க கோயில் ஆளுக ஊருக்குப் போறாவ. அவியகிட்ட குடுத்து விட்டா அங்க உள்ள சொந்தக்காரவுகளுக்குப் போய்ச் சேந்துரும்.” எனக்குப் பின்னால் மிஷின்காரர் வேறு, காகிதம் வெட்டித் தயாராக இருக்கிறது, கொடுக்கிறீர்களா இல்லையா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு சொல்லைத் தொட்டு, அழித்து, சேமித்து, அனுப்பிவிடுவீர்கள். பெரியவர் கேட்டால், “ஸாரி அங்கிள், ஃபான்ட் பிராப்ளம்” என்பீர்கள். உலகத்தில் எல்லாத் தப்பையும் ஃபான்ட் தலையில் போட்டுவிடலாம் என்று உங்களுக்கு ஒரு நம்பிக்கை.

எனக்கும் அந்த ஆசை வந்தது. கை கூடப் போனது. ஆனால் அருளப்பனை யோசித்துப் பார்த்தேன். புறா எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனித்த மனிதர். சிவப்பு எழுத்தில் போடச் சொன்ன சொல் காணாமல் போனால், கட்டைப் பிரித்த உடனே கண்டுபிடித்துவிடுவார். கடைக்கு வந்து சத்தம் போடுவார். அதை நான் தாங்கிக்கொள்வேன். ஆனால் அதோடு விடமாட்டார். ‘எல்லாம் சரியா இருக்கு, இந்த ஒண்ணு மட்டும் எப்படிப் போச்சு’ என்று கேட்பார். யார் கடைக்கு வந்தார்கள் என்று விசாரிப்பார். ஊர் முழுக்கக் கார்டு போன பிறகு, உறவுக்காரர்கள் நடுவில், மருமகள்தான் எடுக்கச் சொன்னாள் என்று தெரியும். அவள் அடக்கிவைத்திருந்த துக்கம் மாமனார்–மருமகள் சண்டையாக மாறிவிடும். அப்புறம் அதற்குத் துக்கம் என்ற பெயரே இருக்காது.

அப்படியே அச்சடிக்கவும் எனக்கு மனம் வரவில்லை. அது அந்தப் பெண்ணின் வீட்டில் சட்டகம் போட்டுச் சுவரில் மாட்டப் போகிற கார்டு. தினமும் அவள் அதைப் பார்க்க வேண்டும்.

மாமாவிடம் சொல்லாதீர்கள் என்று அவள் கேட்டிருந்தாள், அதனால் நானாக அருளப்பனிடம் எடுத்துச் சொல்லவும் முடியாது. மிச்சமிருந்தது ஒரே வழி. மிஷின்காரரிடம் வேறு வேலையை ஏற்றச் சொன்னேன். முனகிக்கொண்டே ஏற்றினார். குடும்பக் குழுவிலிருந்து எண்ணை எடுத்து மெர்சிக்குப் போன் செய்தேன்.

“மெர்சி, நான் சொல்ல மாட்டேன். ஆனா தப்பு மாதிரியும் எடுக்க மாட்டேன். உன் மாமனாரையும் வரச் சொல்றேன். நீ சொல்றதா இருந்தா என் கடையிலே வந்து சொல்லு. ஆத்துல சொல்றதைவிட இது சுலபம். இங்கே மத்த வாடிக்கையாளர் எல்லாம் இருப்பா, யாரும் கத்த மாட்டா. சொல்ல முடியலேன்னா சும்மா நின்னுட்டுப் போ. அப்போ ‘முதல்’ங்கிறது இருக்கட்டும்.”

போனில் குழந்தையின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு வைத்துவிட்டாள்.

அடுத்து அருளப்பனுக்கு. “கடைசி ப்ரூஃபை நீங்க நேர்ல வந்து பாக்கணும். மெர்சியையும் அழைச்சுண்டு வாங்கோ. குழந்தையோட பேர்ல ஸ்பெல்லிங் அம்மாதான் சரின்னு சொல்லணும், அது என் வழக்கம்” என்றேன். அது உண்மையாகவே என் வழக்கம்தான். பெயர் விஷயத்தில் தாய் பார்க்காமல் நான் எதையும் மிஷினுக்கு அனுப்பியதில்லை. நீங்களும் அனுப்பாதீர்கள்.

வந்தார்கள். அருளப்பன் முன்னால், கொஞ்சம் அவசரமாக. மெர்சி பின்னால், குழந்தையோடு. அவர் வந்ததும் வராததுமாகப் புறாவின் வால் கொஞ்சம் நீளம் என்றார். குறைத்தேன். ஆக்னஸ் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் மெர்சியிடம் காட்டினேன். சரி என்றாள். பிறகு மேலே இருந்த வரியைப் பெரிதாக்கி, ஸ்க்ரீன் முழுவதும் அந்த ஒரு வரி மட்டும் தெரியும்படி வைத்தேன்.

“இந்த வரியும் ரெண்டு பேரும் ஒரு தடவை பாத்துடுங்கோ. சரியா இருக்கா?”

“அதுல என்ன சந்தேகம்? அப்படியே இருக்கட்டும்” என்றார் அருளப்பன்.

நான் மெர்சியைப் பார்க்கவில்லை. பார்த்தால் அது தூண்டிவிடுவது போலாகும். ஸ்க்ரீனையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடையில் யாரோ கல்யாணக் கார்டுக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். போகட்டும், அவளால் முடியவில்லை என்று நான் சுட்டியை நகர்த்தப் போனபோது அவள் குரல் கேட்டது.

“மாமா, ஆக்னஸ் ரெண்டாவது.”

அவ்வளவுதான் சொன்னாள். சத்தமாகக் கூடச் சொல்லவில்லை.

அருளப்பன் அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்தபடி நின்றார். பிறகு என் மேஜைக்கு எதிரே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“எனக்குத் தெரியாதாம்மா?” என்றார். “தெரிஞ்சேதான் போட்டேன். இனி இவதான் மொதல்னு ஊரு முழுக்கப் போயிட்டா, ஒனக்கும் அப்படியே ஆயிரும்னு நெனச்சேன். நீ அதையே நெனச்சுக்கிட்டு இருக்கக் கூடாதுன்னு.”

“நான் தினம் நெனைக்கிறேன் மாமா.”

“நானுந்தான்” என்றார் அவர். “ஃபாதர் வந்து குழியில வைக்கும்போது, ஆண்டவரே, உம்முடைய அடியான் அருளப்பன ஏத்துக்கிடும்னு செபம் சொல்லுதாரு. நான் பக்கத்துல நிக்கேன். பிரான்சிஸ் அழுதுக்கிட்டு இருக்கான். என் பேரச் சொல்லி என் முன்னால மண்ணு போடுதாவ. அதுக்கப்புறம் யாரு என்னப் பேரு சொல்லிக் கூப்புட்டாலும் அந்த எடந்தான் ஞாபகத்துக்கு வருது. அத ஒங்கிட்ட எப்படிச் சொல்லுவேன்?”

மெர்சி குழந்தையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். “நீங்க அவனைப் பாத்தீங்கள்ல?”

“பாத்தேன். நான்தான் கையில வாங்கினேன்.”

“எப்படி இருந்தான்?”

இந்தக் கேள்வியை அவள் அத்தனை காலமாக யாரிடமும் கேட்டிருக்கவில்லை என்று நினைக்கிறேன். அருளப்பன் கையை விரித்து, எவ்வளவு சின்னவன் என்று அளந்து காட்டினார். “நெத்தி ஒன்ன மாதிரி. அகலமா. முடி நெறைய இருந்துச்சு. காது மட்டும் எங்க வீட்டுக் காது, கொஞ்சம் வெளிய நீட்டிக்கிட்டு. அது யாருக்கும் நல்லா இருக்காது, அவனுக்கு நல்லா இருந்துச்சு.”

மெர்சி சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அழுதாள். அவரும் அழுதார், ஆனால் அதைக் காட்டிக்கொள்ளாமல் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

பிள்ளைகளா, இப்படி ஒரு நேரம் உங்களுக்கும் வரும். அப்போது என்ன செய்ய வேண்டும் என்று யாரும் எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித்தர மாட்டார்கள், அதனால் நான் சொல்கிறேன்: ஒன்றும் செய்யாதீர்கள். தண்ணீர் கொண்டுவர ஓடாதீர்கள். ஆறுதல் சொல்லாதீர்கள். உங்கள் வீட்டில் நடந்த கதை எதையும் எடுத்துவிடாதீர்கள். நான் புறாவைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அந்தப் பறவைக்கு அன்று நான் சேர்த்த இறகுகள் எந்தப் புறாவுக்கும் இருந்ததில்லை.

கொஞ்ச நேரத்துக்குப் பிறகு அருளப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “மாமி, ‘முதல்’ங்கிறத எடுத்துருங்க. ‘இரண்டாம்’னு போடுங்க” என்றார்.

இப்போதுதான் நம்முடைய வேலை ஆரம்பிக்கிறது. மனசு இளகியிருக்கும் நேரத்தில் மனிதர்கள் சொல்வதையெல்லாம் அப்படியே அச்சடித்துவிடக் கூடாது. நாளைக்கு அந்தச் சொல்லோடு அவர்கள்தான் வாழ வேண்டும். ஒரு சொல் ஜனங்கள் மத்தியில் போய் என்ன செய்யும் என்று அவர்களைவிட நமக்குத் தெரியும். அதைச் சொல்லிவிட வேண்டும். அதன்பின் அவர்கள் பாடு.

நான் சொன்னேன்: “தாராளமாப் போடலாம். ஆனா ஒண்ணு யோசிங்கோ. ‘எங்கள் பேத்தி’ன்னு மட்டும் போட்டா அதுவும் உண்மைதான், யாரும் எதுவும் கேக்க மாட்டா. ‘இரண்டாம்’னு போட்டா கேப்பா. மூத்தது எங்கேன்னு கோயில் வாசல்லயே கேப்பா. அன்னிக்கு முழுக்க நீங்க பதில் சொல்லிண்டே நிக்கணும். நல்ல நாள். அது வேணுமான்னு பாத்துக்கோங்கோ.”

அருளப்பன் மருமகளைப் பார்த்தார். அதுவரை எல்லாவற்றையும் தானே தீர்மானித்தவர், அந்த ஒன்றை அவளிடம் விட்டுவிட்டார்.

“கேக்கட்டும்” என்றாள் மெர்சி.

“கேக்கட்டும். நான் சொல்லிக்கிடுதேன்” என்றார் அருளப்பன். பிறகு கொஞ்சம் யோசித்து, “இரண்டாம்னா எழுத்து கூடுதல்லா. எடம் பத்தலன்னா என் பட்டத்துல ஒண்ண எடுத்துருங்க” என்றார்.

“எதை எடுக்கட்டும்? பாத்திர வணிகர் சங்கத்தையா?”

அவர் முகம் மாறியது. “அது இருக்கட்டும்.”

“திருவிழாக் குழு?”

“அதுவும் இருக்கட்டும். எழுத்த வேணும்னா கொஞ்சம் சின்னதாக்கிருங்க.”

இடம் தாராளமாக இருந்தது. எதையும் எடுக்கவில்லை. கார்டு ஊருக்குப் போகிறவர்களோடு போகவில்லை, மறுநாள்தான் தயாரானது. ஊர் உறவினர்களுக்குப் பிறகு படமாக போனில் அனுப்பினார்கள். அதனால் எதுவும் குடிமுழுகிவிடவில்லை. அவசரம் அவசரம் என்று வாடிக்கையாளர் சொல்வதில் பாதி நிஜ அவசரம் இல்லை என்பதையும் போகிற போக்கில் குறித்துக்கொள்ளுங்கள். மீதிப் பாதி எது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் உங்களுக்குச் சம்பளம்.

ஞானஸ்நானத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். பொதுவாக நான் வாடிக்கையாளர் வீட்டு விசேஷங்களுக்குப் போவதில்லை. போனால் எல்லோர் கையிலும் நம் கார்டு இருக்கும், நம் கண் அதிலுள்ள குறையைத் தவிர வேறெதையும் பார்க்காது. இதற்குப் போனேன். அருளப்பன் என்ன பதில் சொல்லப் போகிறார் என்று எனக்குக் கவலையாக இருந்தது. அந்தச் சொல்லை அச்சடித்தவள் நான்.

வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக அவர் கோயில் வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றார். முதலில் கேட்டது அவர்கள் பங்கைச் சேர்ந்த ஒரு பெண்மணி. கையில் கார்டை வைத்துக்கொண்டு, “அருளப்பண்ணே, என்ன இது, இரண்டாம் பேரப்பிள்ளைன்னு போட்டிருக்கு? அச்சுல தப்பா?” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நம் தொழிலின் ராசி அப்படி. உலகத்தில் எது புரியாவிட்டாலும் முதல் குற்றவாளி நாம்தான்.

“தப்பில்ல தாயி” என்றார் அருளப்பன். “மூத்தவன் ஒருத்தன் இருந்தான். பாண்டுப்புல பொறந்தான். ஞானஸ்நானம் வாங்கிட்டு அன்னிக்கே போயிட்டான். இவ அவனுக்குத் தங்கச்சி.”

அந்தப் பெண்மணி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். வேறெதுவும் சொல்லாமல் உள்ளே போனார். அடுத்து வந்தவரும் கேட்டார். அவருக்கும் அதே பதில். நான் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் சொல்வதற்கு முன் அவர் ஒரு மூச்சு எடுத்துக்கொண்டார். ஆனால் சொன்னார். ஒருவரிடமும் தட்டிக்கழிக்கவில்லை. சிலர் தங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று உண்டு என்று மெதுவாகச் சொன்னார்கள். இத்தனை நாள் பழகியும் தெரியாதே என்று அவர் ஆச்சரியப்பட்டார்.

பூசைக்கு மணி அடிக்கும் நேரத்தில் மெர்சியின் பெரியம்மா பாண்டுப்பிலிருந்து வந்து சேர்ந்தார். கார்டை அவர் போனில் பார்த்திருக்கிறார். வந்ததும் வரவேற்பைக்கூட ஏற்றுக்கொள்ளாமல், “என்ன சம்பந்தி இது? தங்காமப் போனதையெல்லாமா எண்ணிக்கிட்டு இருப்பாங்க? நல்ல நாளும் அதுவுமா அத எதுக்குக் கார்டுல போட்டு நோண்டுறீங்க? அந்தப் பொண்ணு மனசு என்ன பாடுபடும்?” என்றார்.

அது அருளப்பன் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்த வாதம்தான், அதே வார்த்தைகள். அவர் வேட்டி நுனியைச் சரிசெய்துகொண்டார். நான்கூட ஓரடி முன்னால் எடுத்துவைத்தேன். என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது.

அதற்குள் உள்ளேயிருந்து மெர்சி வந்துவிட்டாள். வெள்ளைச் சட்டை போட்ட ஆக்னஸ் அவள் கையில் கண்ணைக் கொட்டிக்கொட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போடச் சொன்னது நான்தான் பெரியம்மா” என்றாள். “நல்ல நாள்ல சொல்லாம வேற எப்ப சொல்றது? இந்தாங்க, இவளைக் கொஞ்சம் பிடிங்க. கை வலிக்குது.”

நீட்டிய குழந்தையை யாராலும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. பெரியம்மா கைப்பையை அருளப்பனிடம் கொடுத்துவிட்டு, ஆக்னஸை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டார். கோபத்தை எங்கே வைத்தோம் என்று மறந்துவிட்டவர் போல ஒரு நிமிஷம் நின்றார். பிறகு மெர்சியின் பக்கமாகக் குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்.

“அவனுக்குப் பேரு வச்சீங்களா?”

“வச்சோம் பெரியம்மா” என்றாள் மெர்சி. அவர் தோளில் கைபோட்டு, பெயரைச் சொல்லிக்கொண்டே உள்ளே அழைத்துப் போனாள்.